வேற மருந்து ஒண்டும் இல்லைதானே

ஒக்டோபர் 14, செவ்வாய்
காலையிலிருந்து மழை. பாமன்கடைப் பக்கம் வெள்ளம். குடை, மனைவி பத்மாவின் கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல்: சரி.
கிளினிக்கில் தாதி மிஸி ஒருவர் மறித்தார். "ஐயா, வெள்ளிக்கிழமை எங்களுக்கொரு பயிற்சி. டொக்டர், மிஸிமார், மருந்தாளர் எல்லாரும் ஒண்டா. வீட்டில நோயாளியைப் பாக்கிற ஒருத்தரும் வந்து கதைக்க வேணும். நீங்கள் வாங்கோவன்."
ஓம் என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?
பத்மாவுக்குச் சிரிப்பு. "கலியாண வீட்டில ரெண்டு வார்த்தை வாழ்த்தவே நடுங்கின மனிசன்!"

ஒக். 16, வியாழன்
மழை இல்லை. புழுக்கம். குளியலறையில் பத்மாவுக்கு மீண்டும் தலைச்சுற்று. சுவரைப் பிடித்தபடி நின்றாள். விழுந்திருந்தால்?
வெள்ளிக்கிழமைக்குப் பேச்சு எழுதினேன். முழுக்கப் புகழ்ச்சி. கிழித்தேன்.
உண்மையை எழுதப் பயம். அவளுடைய பிரஷருக்கு இரண்டு இடத்தில் மருந்து. ஒன்று அரச கிளினிக். மற்றது, சனிக்கிழமைகளில் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்க்கும் டொக்டர். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சு விட்டதில்லை. யார்தான் சொல்கிறார்கள்?
பத்மா: "சொன்னா அவருக்கு மனம் நோகும். பிறகு எங்களை ஆர் பாப்பினம்?"
முட்டை, பற்பசை வாங்க வேண்டும்.

ஒக். 17, வெள்ளி
மருந்துப் பைகள் இரண்டையும் கொண்டுபோனேன், பத்மாவுக்குச் சொல்லாமல்.
கிளினிக் டொக்டர்: "வேற மருந்து ஒண்டும் இல்லைதானே எண்டு நாங்கள் ஒவ்வொரு முறையும் கேக்கிறம்தானே."
"அப்பிடிக் கேட்டா, இல்லை எண்டுதான் வாயில வரும், டொக்டர்." என் குரலா அது? "வேற எங்க காட்டுறியள் எண்டு கேட்டா... சிலவேளை சொல்லுவம்."
பைகளை மேசையில் கொட்டினேன். மருந்தாளர் இரண்டு அட்டைகளை எடுத்து ஒப்பிட்டார். "பேர்தான் வேற. ரெண்டும் ஒரே மருந்து. அம்மா ரெட்டிப்பாக் குடிக்கிறா."
தலைச்சுற்று அதனால்தான். தினமும் என் கையால்தான் கொடுத்தேன்.
டொக்டர் ஒன்றை நிறுத்தச் சொன்னார். சனல் டொக்டருக்கு அறிவிப்பது யார்? டொக்டர் மிஸியைப் பார்த்தார், மிஸி மருந்தாளரை. பயிற்சி நடத்திய பெண்மணி: "இதுதான் இண்டைக்குப் பாடம்." அவருக்குப் போன் எடுத்துப் பார்த்தார்கள். பதில் இல்லை. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒக். 18, சனி
மறுபடி மழை. இரவு பத்மாவிடம் எல்லாம் சொன்னேன். ஒரு குளிசை குறைவு. காலையில் தலைச்சுற்று இல்லை. ஆனாலும் பயம். சனல் டொக்டரின் வாசலில் பத்மா: "அங்க மானத்தை வாங்கினது காணும். இங்க வாயைத் திறக்காதேங்கோ."
சனல் டொக்டர் தலை நிமிராமல் எழுதினார். "பழைய மருந்துதான். வேற ஒண்டும் எடுக்கேல்லத்தானே?"
பத்மா முழங்கையில் கிள்ளினாள்.
"எடுக்கிறா, டொக்டர்."
பேனை நின்றது.