அத்தை கொண்டுவரும் மாத்திரை

கிரேன் உச்சியில் உட்கார்ந்து ஊரையே கீழே பார்க்கும் என் வீட்டுக்காரருக்குத் தரையிலிருந்து எழுதுவது.

நலம் என்று எழுதிவிட்டு அதை அடித்திருக்கிறேன். அடித்தது உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. நேற்றுகூட போனில் பேசினோமே, இவளுக்கு வேறு வேலை வெட்டி இல்லையா என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் பக்கம் அறையில் ஆறு பேர். என் பக்கம் அத்தை. நான் "ம்" என்கிறேன், நீங்கள் "ம்" என்கிறீர்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்கிறோம், அதோடு சரி. கடிதம் என்றால் நடுவில் புகுந்து "சரி சரி, எல்லாம் சரியாயிடும்" என்று நீங்கள் சொல்ல முடியாது. லீவுக்கு வந்த உங்கள் கூட்டாளி வெள்ளிக்கிழமை திரும்புகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது பிரியுங்கள்.

முதலில் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் அதிகம் கேட்கிறீர்கள். மார்புக் கட்டியை எடுத்த இடத்தில் கதிர்வீச்சு வைத்து முடித்து ஏழு வாரம் ஆகிறது. முடிந்த அன்றோடு விட்டது சனி என்று நினைத்தேன். முடிந்த பிறகுதான் அது தன் வேலையைக் காட்டியது. அடுப்பை அணைத்த பிறகும் கல் சுடும் இல்லையா, அப்படித்தான் என்று நர்ஸ் சொன்னார். மார்புக்கு அடியில், மடிப்பில், தோல் உரிந்து நீர் கசிந்தது. சோப்பு கூடாது, பவுடர் கூடாது, துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். உள்ளாடை எதையும் தாங்க முடியவில்லை. பீரோவில் கிடந்த உங்கள் பழைய பருத்திச் சட்டையை, தையல் உறுத்தாமல் இருக்க, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தேன். அத்தை பார்த்துவிட்டு, "என் புள்ள சட்டைக்கு வந்த வாழ்வப் பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தால் வலிக்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது ஆறிவிட்டது. அதாவது, டாக்டர் ஆறிவிட்டது என்கிறார். மடிப்பில் புதுத் தோல் வெளிர்சிவப்பாக, தொட்டால் கையோடு வந்துவிடும்போல இருக்கிறது. சுற்றிலும் கறுத்து, பால் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி. அளவும் கொஞ்சம் சிறுத்து, இறுகி, மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. குளியலறைக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டேன். தண்ணீர் தெறித்துக் கறை படிகிறது என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்கும்போது என்ன நினைப்பீர்களோ என்று ஒரு நாளைக்கு நூறு தரம் யோசிக்கிறேன். யோசித்து என்ன ஆகப்போகிறது.

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன் என்று சொன்னேனே, அதில் ஒன்றை மறைத்தேன். டிரைவிங் கற்றுக்கொடுப்பவள் இடது பக்க சீட்டில் உட்கார வேண்டும். எனக்கு வந்ததும் இடது பக்கம். அந்த சீட்டு பெல்ட் இடது தோளிலிருந்துதான் இறங்குகிறது. முதல் நாளே ஒரு பல் டாக்டர் அம்மாள் வந்து சேர்ந்தார். சாலையில் நாய் ஒன்று அரை கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு இந்த அம்மாள் பிரேக்கை மிதித்தார் பாருங்கள், பெல்ட் அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி என்பார்கள். எனக்குப் பாய்ந்தது பெல்ட். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாள் பதறிப்போய், "நான் அவ்ளோ மோசமாவா ஓட்டறேன்?" என்று கேட்டார். இல்லைங்க, நல்லா ஓட்டுறீங்க, எடுங்க வண்டிய என்றேன். இப்போது பெல்ட்டுக்கு அடியில் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்துக்கொள்கிறேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். நல்ல மனிதர்தான்.

சரி, சுற்றி வளைத்தது போதும். மாத்திரைக்கு வருகிறேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்த அன்று, டாக்டர் அறையில், வீடியோவில் நீங்கள் இருந்த போனை நான் அவர் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம், அதுவரை கர்ப்பம் தரிக்கவே கூடாது என்று அவர் சொன்னதை நீங்கள் முழுக்கக் கேட்டீர்கள். எனக்கு நாற்பத்தொன்று. ஐந்து வருஷம் கழித்து என்ன என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குழந்தைக்காக எடுத்து, பணம் இல்லாமல் பாதியில் விட்ட சிகிச்சையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்றுதானே நீங்கள் கடல் தாண்டிப் போனதே. அது அந்த அறையிலேயே முடிந்துபோயிற்று. நீங்கள் "சரிங்க டாக்டர்" என்றீர்கள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? "மாத்திர குடுத்திருக்காங்கம்மா, ஒழுங்கா சாப்பிட்டா அப்புறம் எல்லாம் நல்லபடியா நடக்கும்." அவ்வளவுதான் சொன்னீர்கள். அழுகிற கிழவியைத் தேற்ற ஒரு வார்த்தை, எனக்குப் புரிகிறது. ஆனால் அத்தைக்கு நல்லபடியாக நடக்க வேண்டியது என்றால் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதானே. முன்பு மூன்று வருஷம் குழந்தைக்காக நான் மாத்திரை சாப்பிட்டபோது, காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பாலும் மாத்திரையுமாக என் முன்னால் நிற்பாரே, அதே டம்ளரைத் தேய்த்து எடுத்துவிட்டார். அதே ஏழு மணி. நான் விழுங்கும்வரை நகர மாட்டார். "தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு. இனிமே நல்ல காலந்தான். அடுத்த வருஷம் வாயும் வயிறுமா நிக்கப்போற பாரு" என்று தினமும் சொல்வார். முகம் பளிச்சென்று இருக்கும். ஆபரேஷன் நாளிலிருந்து அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தை, இது அந்த மாத்திரை இல்லை என்று ஒரு வரி. வாய் வரவில்லை. என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று உங்களுக்குத் தெரியும். லாரிக்காரனோடு நடுரோட்டில் சண்டை போடுகிற வாய். அது வரவில்லை. இரண்டு வாரம் விழுங்கினேன். உடம்பெல்லாம் திடீர் திடீரென்று தீப்பிடித்த மாதிரி எரியும், வியர்த்துக் கொட்டும், காரில் ஏசியை முழுசாக வைத்தாலும் போதாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அத்தை எதிரில் நின்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, வயிற்றில் எதுவும் தங்கவே கூடாது என்கிற மாத்திரையை அவர் கொடுத்த பாலிலேயே விழுங்குகிறேனே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கோபப்படாதீர்கள். ஒரு நாள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, குளியலறைக்குப் போய்த் துப்பிவிட்டேன். மறுநாளும் துப்பினேன். பதினோரு நாள். பைத்தியமா உனக்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பைத்தியம்தான். அத்தை சொல்லிச் சொல்லி, விஷயம் தெரிந்த எனக்கே ஒரு ஆசை ஒட்டிக்கொண்டது. மாத்திரையை நிறுத்தினால் ஒருவேளை என்று. கணவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், இவளுக்கு ஒருவேளையாம். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. துப்பும்போது வரவில்லை.

திங்கட்கிழமை மறுபரிசோதனைக்கு அத்தையும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எவ்வளவோ தடுத்தேன், கேட்கவில்லை. டாக்டர் தோலைப் பார்த்து முடித்து நான் சட்டைப் பொத்தான் போடுவதற்குள், "எல்லாம் ஆறிடுச்சுல்ல, இனிமே எப்பம்மா புள்ள பெத்துக்கலாம்? மாத்திரையும் தவறாமத்தான் குடுக்கறேன்" என்று கேட்டுவிட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பொத்தானைப் பார்த்தேன். அவர் என்ன செய்வார் பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். "அது புள்ளைக்குக் குடுக்கற மாத்திர இல்லம்மா. இவங்களுக்கு வந்த கட்டி, பொம்பள உடம்புல ஊறற ஹார்மோனத் தின்னு வளர்ற ஜாதி. அந்தத் தீனி அதுக்குக் கெடைக்காமப் பண்றதுக்குத்தான் இந்த மாத்திர. நிறுத்துனா மறுபடி வர வாய்ப்பு அதிகம். அஞ்சு வருஷத்துக்குப் புள்ளப் பேச்சே எடுக்கக் கூடாது." பிறகு என்னிடம் திரும்பி, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். அத்தை, ஆமாம், நானே கண்ணால் பார்க்கிறேன் என்று எனக்காகச் சாட்சி சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவரை உட்கார வைத்தேன். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.  நான் டிக்கெட் வாங்கினேன். பிறகு, "என் புள்ளைக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன். உலகத்தில் அவருக்கு இருப்பது நீங்கள் ஒருவர். பெற்ற பிள்ளையும் சேர்ந்து தன்னை ஏமாற்றினான் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரிய வேண்டாம், பழி என்னோடு போகட்டும் என்று வாயில் வந்துவிட்டது. லாரிக்காரனிடம் பேசுகிற அதே வாய்தான்.

இரண்டு ஸ்டாப் தாண்டி அத்தை சொன்னார். "மறைக்காத. நீயே அவங்கிட்டச் சொல்லிடு. அவனுக்கு இன்னும் வயசு இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கோபமே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னார். என் கூடப் பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். தோல் உரிந்து கிடந்தபோது விசிறியால் வீசி வீசி மணிக்கட்டு வீங்கிப்போனவர். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் சொன்னது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். கியர் மாற்று என்று கற்றுக்கொடுக்கும்போதும் கேட்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பால் வந்தது. மாத்திரையும் வந்தது. வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நிற்கவில்லை. நான் விழுங்குகிறேனா துப்புகிறேனா என்று பார்க்க இப்போது ஆள் இல்லை. துப்பவும் வேண்டியதில்லை. மூன்று நாள் மாத்திரை மூன்றும் ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டில் இருக்கிறது. விழுங்கத் தெரியாமல் இல்லை. ஒரு மடக்குத் தண்ணீர். யாருக்காக விழுங்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்கு இனி என்ன இடம் என்று தெரியாமல், இந்த உடம்பைக் காப்பாற்றி எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நீங்கள் நல்லவர். ஆனால் யாரும் மனம் நோகக் கூடாது என்று எல்லோரிடமும் ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விடுவீர்கள். கீழே நாங்கள் இருவரும் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம். அத்தை சொன்னது உங்கள் மனதிலும் ஒரு ஓரத்தில் இருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். ரோட்டில் நிற்க மாட்டேன், எனக்கு ஒரு தொழில் தெரியும். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அப்படி இல்லையென்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். எனக்குப் போன் செய்ய வேண்டாம். உங்கள் அம்மாவுக்குச் செய்யுங்கள். "எனக்கு மொதல்லயே தெரியும்மா, நான்தான் சொல்லல. எனக்கு அவ இருந்தாப் போதும்" என்று சொல்லுங்கள். ஆறு பேர் கேட்டாலும் பரவாயில்லை, சத்தமாகச் சொல்லுங்கள். பகல் பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் நான் வகுப்பில் இருப்பேன், அத்தை தனியாக இருப்பார். நீங்கள் சொல்லிவிட்டீர்களா என்று நான் யாரையும் கேட்க மாட்டேன். சொல்லியிருந்தால், மறுநாள் காலை பாலை வைத்துவிட்டு அத்தை அங்கேயே நிற்பார். நின்றால் விழுங்குகிறேன்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். நானும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று நினையுங்கள்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி.