நார்வேக்காரனின் சீக்வென்ஸ்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாம் வழக்கமாகப் போன பிரவுசிங் சென்டரை இன்று காலையில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேபின் தடுப்புப் பலகைகள் நடைபாதையில் சாய்ந்து கிடந்தன. பக்கத்தில் போனதும் அதே வாசனை, மூடிய அறையின் புழுக்கமும் மல்லிகை ஊதுபத்தியும். இனி அங்கே மொபைல் ரீசார்ஜ் கடை வரப்போகிறதாம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உன்னைத்தான் விசாரித்தார், எங்கே உங்கள் தோஸ்து, ஆளையே காணோமே என்று. தெரிந்துகொண்டே கேட்கிறாரோ என்று தோன்றியது. திரும்பி நடந்துவிட்டேன். என் புத்தி அப்படி, உனக்குத் தெரியாததா.

எண்ணூர் சாலை கன்டெய்னர் யார்டில் வாசலில் நின்று சீல் சரிபார்க்கும் வேலை எனக்கு. உடைத்து ஒட்டிய சீலா, கழற்றி மாட்டிய போல்ட்டா என்று பார்த்துப் பார்த்து, வெளியிலும் அதே கண்ணாகிவிட்டது. காசிமேட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த கையோடு எடைக்கல்லையும் தூக்கிப் பார்ப்பேன். நீ யார்டுக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய். வாசலைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, “உன் நெழலு பின்னால வந்தாகூட யார்ரா நீன்னு கேப்ப மாமு” என்று கிண்டல் செய்துவிட்டுத்தான் போவாய்.

இன்டர்நெட் போக்கரை முதலில் பிடித்தது நான். கட்டணமில்லாத ஒரு போட்டியில் சில டாலர் ஜெயித்தேன். அதை வெளியே எடுக்க வழி தெரியவில்லை. அதை வைத்துச் சில்லறை மேசைகளில் ஆடிக்கொண்டே இருந்தேன். பிறகு நீயும் அதே மாதிரி கொஞ்சம் ஜெயித்து உனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாய். ஞாயிறு மதியம் பிரியாணி தின்றுவிட்டு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கேபினில் உட்காருவோம். கடைசிச் சீட்டில் தோற்றால் கம்பெனிக்காரனின் தில்லுமுல்லு என்பேன். லைன் கட்டானால் கடைக்காரரை முறைப்பேன். நீ எட்டிப் பார்த்துச் சிரிப்பாய்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தேன். நீயும் நானும் ஒரே மேசையில் உட்காரக்கூடாது. பக்கத்தில் இருப்பவன் சீட்டைப் பார்த்துவிடுவான், கம்பெனிக்காரன் கண்டுபிடித்தால் இரண்டு கணக்கையும் மூடிவிடுவான் என்று காரணம் சொன்னேன். நீ தலையாட்டினாய்.

உனக்கு ஒரு குழப்பம் கடைசிவரை தீரவில்லை. துறைமுகக் குடியிருப்பில் மூணு சீட்டு ஆடி வளர்ந்தவன் நீ. சீட்டுகள் வரிசையாக வந்தால் சீக்வென்ஸ், எல்லாம் ஒரே ஆட்டினாகவோ ஸ்பேடாகவோ வந்தால் கலர். மூணு சீட்டில் கலரைவிட சீக்வென்ஸ் பெரிது. போக்கரில் நேர்மாறு. கையில் சீக்வென்ஸைக் கண்டதும் அது மறந்துபோய், இருப்பதையெல்லாம் தள்ளப் போவாய். நான் பலகையின் இடுக்கு வழியாகக் கையை விட்டு உன்னை இடிப்பேன்.

பிறகு உன்னை மீஞ்சூர் யார்டுக்கு மாற்றினார்கள். அந்த ஆட்டத்தையே விட்டுவிட்டதாக ஒருநாள் போனில் சொன்னாய். நானும் தனியாக ஆடப் பழகிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒருவன் வந்தான். பெயர் போலார்பியர், ஊர் என்ற இடத்தில் நார்வே. எந்த மேசையில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்துகொள்வான். வெறுங்கையோடு நான் பந்தயத்தை ஏற்றினால் விடாமல் கூடவே வருவான். நல்ல சீட்டோடு ஏற்றினால் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவான். என் சீட்டு அவனுக்குத் தெரிகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். கம்பெனி ஆளாக இருக்குமோ என்று பார்த்தேன். கடைக்காரர் உள்ளிருந்து பார்த்துச் சொல்கிறாரோ என்று கேபின் மாறினேன். முதுகை ஒட்டித் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டும் ஆடினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு ஞாயிறு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று ஆட்டின் விழுந்து கிடக்கிறது, என் கையில் இரண்டு. கலர். நார்வேக்காரன் வைத்திருந்த அத்தனையையும் தள்ளினான். திறந்தால் வெறும் சீக்வென்ஸ். எல்லாம் என் பக்கம் வந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. அரட்டைப் பெட்டியில் ஆங்கிலத்தில் அடித்தான்: “ஐ சீக்வென்ஸ். யூ ஒன்லி கலர்.”

நார்வேயில் எவன் கலர் என்பான்? போக்கர் ஆடுகிற வெள்ளைக்காரன் எவனும் சீக்வென்ஸ் என்றே சொல்லமாட்டான். இடிப்பதற்குப் பக்கத்தில் ஆளில்லாமல் நீ மாட்டிக்கொண்டாய். மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தவன் நீ. ஏமாற்றும்போது நான் சட்டென்று பட்டனைத் தட்டுவேன், நிஜமாக இருந்தால் தயங்குவேன். என் சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே உனக்கு இருக்கவில்லை.

அடுத்த வாரம் ராயபுரம் டீக்கடையில் உன்னைப் பிடித்தேன். ஆட்டத்தை விட்டது விட்டதுதானா என்றதற்கு ஆமாம் என்றாய். கலர் பெரிதா, சீக்வென்ஸ் பெரிதா என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டாய். முதலில் சிரிப்புதான் வந்தது உனக்கு. என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாய்.

“யார்கூட வேணாலும் ஆட்ற மாமு. என்கூட மட்டும் ஆட மாட்டேன்ற. அதான் யாரோ ஒருத்தனா வந்தேன். இதுல இன்னா கீது?”

நான் நம்பவில்லை. கூட ஆட ஆசையென்றால் ஏன் பொய் சொல்லவேண்டும், ஏன் என் பழக்கத்தை வைத்தே என்னை அடிக்கவேண்டும்? அப்படித்தான் கேட்டேன். நீ டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தாய். அதன்பின் நார்வேக்காரன் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவேன். சில வாரங்களில் அவன் வருவது நின்றது. போனில் பேசிக்கொண்டோம், ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

எண்ணூர் சாலையில் உன் பைக் மேல் லாரி மோதியது என்று யார்டில்தான் எனக்குச் சொன்னார்கள். மூலக்கொத்தளம் இடுகாட்டில் உன்னை வைத்துவிட்டு வந்த சில நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்துவிட்டு உன் மனைவி என்னிடம் கேட்டாள்.

“ஞாயித்துக்கெயமையானா உங்ககூட ஆடப் போறேன்னு சொல்லிட்டுதாண்ணா கெளம்புவாரு. அந்தக் கடைசி வாரம்கூட அப்டித்தான் போனாரு. நெசமாவே உங்ககூடதான் இருந்தாரா?”

அவள் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தேகம். வாரம் தவறாமல் புருஷன் எங்கே போனான் என்று தெரியாமல் இனி அவள் காலம் தள்ள வேண்டும். வாழ்க்கையில் ஒன்றையும் சரிபார்க்காமல் நான் சொன்ன ஒரே பதில் அதுதான். “என்கூடதாம்மா இருந்தான்” என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. நார்வேக்காரன் நின்றுபோய் மாதங்கள் ஆகியிருந்தன. பிறகு எங்கே போனாய் நீ? வேறெங்காவது போயிருக்கலாம், என் பெயரைச் சாக்காகச் சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தேகம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் வேறு பெயரில் வந்திருக்கவும் கூடும். அந்த ஞாயிறுகளில் எதிரில் உட்கார்ந்த யார் யாரையோ நினைத்துப் பார்க்கிறேன். ஒருவன் பிரேசில் என்று போட்டிருந்தான், ஒருவன் ஊரே போடவில்லை. நான் தோற்றபோது ஒருவன் சும்மா ஒரு சிரிப்பு அடித்து அனுப்பினான். இதில் எவன் நீ?

ஞாயிறுகளில் இன்னும் ஆடுகிறேன், நீ போனபிறகு வேறொரு சென்டரில். முன்பு எவன் என்னை ஏமாற்றுகிறான் என்று பார்ப்பேன். இப்போது இவன் நீயாக இருக்குமோ என்றுதான் பார்க்கிறேன். நீ இல்லை என்று தெரியும், இருந்தும் பார்க்கிறேன். தெரியாத பெயர் எது வந்து எதிரில் உட்கார்ந்தாலும் நான் எழுந்து போவதில்லை.