பெரிய நம்பர், மெல்லிய ஊசி

பாய்,

இன்று காலை மந்தைவெளி மருந்துக்கடையில் இன்சுலின் ஊசி வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தையற்கடையிலிருந்து மிஷின் எண்ணெய் வாசம் வந்தது. தியாகராய நகரில் உன் கடைக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது அதுதான். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

நீ இருந்த காலத்தில் நான் பாதி நாள் இன்சுலின் போடாமல் விட்டுக்கொண்டிருந்தேன். குத்தினால் வலித்தது, அவ்வளவுதான் காரணம். கண்ணின் பின்புறம் கசிவு தொடங்கிவிட்டது, இப்படியே விட்டால் பார்வை போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

"எத்தினி நாளா ஒரே ஊசி?" என்றாய்.

"பத்து நாள்."

"பட்டு ரவிக்கைல நூலு இழுத்தா அந்த நிமிசமே ஊசிய மாத்துறேன். உன் தோலு இன்னா கோணியா, ரிப்போர்ட்டரே?"

உடனே என்னை மருந்துக்கடைக்கு இழுத்துப் போனாய். இரண்டு வகை ஊசி இருந்தது. ஒரு பெட்டியில் 29, இன்னொன்றில் 32. நீ யோசிக்கவே இல்லை. தையல் ஊசியில் பதினொன்று பட்டுக்கு, பதினெட்டு ஜீன்ஸுக்கு. எண் ஏற ஏறத் தடிமன். "சின்ன நம்பரே குடு" என்றாய். இரண்டு இடத்தில் விசாரிக்காமல் ஒரு செய்தியையும் அச்சுக்கு அனுப்பாத நான், உன்னை நம்பி வாங்கிக்கொண்டேன்.

அது முன்னைவிட வலித்தது. நாலாம் நாள், இனி ஊசியே வேண்டாம் என்று உனக்குப் போன் செய்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம். ரவிக்கைக்காகப் பெண்கள் காத்து நிற்க, ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு அடையாறு கிளினிக்குக்கு வந்தாய்.

நர்ஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இதுல நம்பர் ஏறினா ஊசி மெலிசுங்க. நீளமும் நாலு மில்லிமீட்டர் போதும். ஒவ்வொரு வாட்டியும் புதுசு போடுங்க."

நீ பெட்டியை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தாய். "நாப்பது வருசமா ஊசியோட குடும்பம் நடத்திக்கினு கீறேன். இங்க எல்லாம் தலகீழா கீதே" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "தப்பு என்னுது. இங்கயே போடு, நான் பாக்கணும்."

நர்ஸ் கொடுத்த ஊசியை இன்சுலின் பேனாவில் மாட்டி, வயிற்றில் போட்டுக்கொண்டேன்.

"குத்திட்டியா?" என்றாய். எனக்கே அந்தச் சந்தேகம்தான்.

அன்றிலிருந்து ஒரு வேளையும் விட்டதில்லை. உன்னை அடக்கம் செய்த நாளிலும், போட்டுக்கொண்டுதான் கபர்ஸ்தானுக்கு வந்தேன். கசிவு கூடவில்லை என்று போன வாரம் கண் மருத்துவர் சொன்னார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. அதன் கடைசி வரியை மெதுவாக, பிழையில்லாமல் படித்தேன்.