ஒற்றைப்படை டிக்கெட்டுகள்

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை அதற்கும் நான்தான் வரவேண்டுமா? நாற்பத்தாறு வயதுப் பயிற்சி ஆசிரியை நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

நேற்று என் வகுப்புக்கு மதிப்பெண் போட மேற்பார்வையாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தேறாவிட்டால் உங்களை விட்டு இன்னொரு வருஷம் இந்த ஊரில்தான். பாடம், ஒற்றைப்படை இரட்டைப்படை எண்கள். நானோ ஞாயிறு முழுக்க மாடி பஸ்ஸில் ஊர் சுற்றியதில் (முன்சீட்டில் உட்கார்ந்தால் ஊரே நம் காலடியில்!) எண் அட்டை செய்யவே மறந்திருந்தேன். கைப்பையைக் கவிழ்த்தேன். குவியலாக பஸ் டிக்கெட்டுகள்!

“பஸ் நம்பரைப் பார்த்து ரெண்டா பிரிங்க!” என்றேன். வகுப்பு சந்தைக்கடையானது.

“இவ்ளோ ஊர் சுத்துனா எப்ப டீச்சர் படிப்பீங்க?” என்றாள் முதல் பெஞ்சு வாயாடி. மேற்பார்வையாளரே சிரித்துவிட்டார். தேறிவிட்டேன்!

வாயாடி விடவில்லை. “எல்லாத்துலயும் ஆள் ஒண்ணுன்னே போட்டிருக்கு டீச்சர். ரெண்டு போட்டதே இல்லையா?”

வரும்போது என் பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வாருங்கள். வரும்போது என்றா எழுதினேன்? ஆமாம், லீவு போடுங்கள். இரட்டைப்படைக்கு உதாரணம் தேவைப்படுகிறது. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் டீச்சரம்மா