மதினியின் நிறம்

மதினி,

இன்று காலை உங்கள் தகரப் பெட்டியைக் காலி செய்தேன். புதிதாக வருகிறவளின் சேலைகளை வைக்க இடம் வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். பெட்டியின் அடியில், பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி, எரிந்துபோன பிளாஷ் பல்பு ஒன்று கிடந்தது. கண்ணாடி பொரித்த அப்பளம் போலக் கொப்புளித்து, உள்ளே சாம்பல் பூத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். கருகிய அரக்கு வாசனை இன்னும் லேசாக இருந்தது.

"அதக் குப்பையில போடு. எரிஞ்சதையெல்லாம் பொட்டியில வச்சுக் காப்பாத்துவாளாக்கும்" என்றாள் அம்மா.

நான் போடவில்லை. இன்று நான் கேட்காமல் விட்ட பேச்சு அது ஒன்று மட்டுமில்லை. மற்றதையும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் வத்தலக்குண்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த அன்று சீர் வண்டியில் பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் இறங்கிய பிறகு, ஒரு தோல் பெட்டியும் இறங்கியது. கொழும்பில் கடை வேலை பார்த்த உங்கள் அப்பா கொண்டுவந்த ஜெர்மன் காமிரா. எதிர்வீட்டு அத்தை அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏலே, பொண்ணக் கட்டிக்கிட்டு வந்தியா, போட்டோக்காரனக் கூட்டிக்கிட்டு வந்தியா?" என்று அண்ணனைக் கேட்டாள். கூடம் முழுக்கச் சிரித்தது. தலையைக் குனிந்தபடியே நீங்கள் சொன்னீர்கள்: "உங்களத்தான் மொதல்ல எடுக்கணும் அத்தே. நல்லாச் சிரிக்கிறீக."

எனக்கு அப்போது பள்ளிக்கூடம் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வயசுக்கு வந்தேன். புத்தகப் பையை அம்மா பரணில் போட்டாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். என் குரலை அண்ணனே அதிகம் கேட்டதில்லை. நீங்கள்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "நாத்தனாரே, ஒம்பதால நூத்துப்பத்த வகுத்தா எம்புட்டு?" என்று கேட்டீர்கள். பன்னிரண்டு சொச்சம் என்றேன். அன்றிலிருந்து உங்கள் கணக்குப்பிள்ளை நான்.

அந்தக் காமிராவின் கண்ணாடித் துளையில் பார்த்தால் நடுவில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகத் திருக ஒன்று நகர்ந்து வந்து மற்றதன்மேல் உட்காரும். பொருந்திய இடத்தில் எத்தனை அடி என்று வளையமே காட்டும். பல்புப் பெட்டியின்மேல் போட்டிருக்கும் எண்ணை அந்த அடியால் வகுத்தால், வெளிச்சம் புகும் துளையை எந்த எண்ணில் வைப்பது என்று தெரிந்துவிடும். எண் சிறுத்தால் துளை பெரிதாகும், வெளிச்சம் கூட உள்ளே போகும். அவ்வளவுதான் வித்தை என்று நாம் நினைத்தோம்.

முதல் பிலிம் சுருளைக் கழுவி வாங்கி வந்த அன்று நினைவிருக்கிறதா? அதில் எடுத்திருந்தது செம்பட்டியில் என் சித்தி மகளின் சடங்கு. ஆண்கள் உள்ளே வரக்கூடாத அறை என்பதால் உங்களை ஆசையாகக் கூப்பிட்டிருந்தார்கள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை, நான்தான் வகுத்தேன். ஆனால் படத்தில் ஒருத்திக்கும் முகம் இல்லை. கரிபிடித்த சுவர், அதற்கு முன்னால் இருட்டு, அந்த இருட்டில் அங்கங்கே வெள்ளை. அம்மா படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, சடங்குக்குப் பல்லும் தோடும் மட்டுந்தான் வந்துச்சா?" என்றாள். நான் அழப் பார்த்தேன். உங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

பிறகு பல்புப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இதுல நம்பர் போட்டவன் வெள்ளச் சுவத்துக்கு முன்னாடி வெள்ளக்காரிய நிறுத்திப் போட்டிருக்கான். நம்ம அடுப்படியப் பாத்தானா? ஒன் மூஞ்சியப் பாத்தானா?" என்றீர்கள். கணக்கில் பதினொன்று வந்தால் எட்டில் வைப்பது, எட்டு வந்தால் ஐந்தரையில் வைப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தோம். பெட்டி சொல்வதைவிட எப்போதும் ஒரு படி கூட. அடுத்த சுருளில் எல்லோரும் வந்தார்கள். சித்தியின் கன்னத்துத் தழும்புகூட வந்தது.

அதன்பிறகு வளைகாப்பு, சடங்கு என்றால் உங்களுக்குத்தான் ஆள் வரும். மஞ்சள் பையில் பல்புகளோடு நான் பின்னால் வருவேன். பெண்கள் அப்பிக்கொண்டு வந்த பவுடரை நீங்கள் முந்தானையால் துடைத்துவிடுவீர்கள். பிடிக்காதவர்கள் முகத்தைத் திருப்புவார்கள், நீங்கள் விடமாட்டீர்கள். பல்பின் அடிப்பாகத்தை நாக்கில் தொட்டுச் செருகினால்தான் அது தவறாமல் எரியும். அதைப் பார்த்த ஒரு கிழவி, "எச்சி பண்ணிப்புட்டு நல்ல காரியத்துல நிக்கிறாளே!" என்று கத்தினாள்.

"பல்பத்தானே எச்சி பண்ணுனேன் ஆத்தா. ஒங்களத் தொடலையே" என்றீர்கள்.

எனக்குப் பயமெல்லாம் வெளிச்சம் அடிக்கும் அந்த நொடிதான். அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். பல்பு எரிந்ததும் அத்தனை தலையும் நம் பக்கம் திரும்பும். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவேன். ஒருநாள் நம் அடுப்படியிலேயே காமிராவை என் கழுத்தில் மாட்டிவிட்டீர்கள். "என்னய எடு. ஒளிய இடமில்ல பாரு, பின்னாடி சுவருதான்."

அப்போதுதான் தலைக்கு ஊற்றியிருந்தீர்கள். ஈரமுடி தோளில் கிடந்தது. பவுடர் இல்லை, பொட்டுகூட இல்லை. துளையில் நீங்கள் இரண்டு பேராகத் தெரிந்தீர்கள். வளையத்தைத் திருகினேன், இருவரும் நெருங்கி ஒருத்தி ஆனீர்கள். "வகுத்தியா?" என்றீர்கள். "வகுத்தேன், ஒரு படி கூட்டியும் வச்சுட்டேன்" என்றேன். அதற்கு ஏன் அப்படிச் சிரித்தீர்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் அழுத்தினேன். படம் வந்ததும் வெகுநேரம் வைத்துப் பார்த்தீர்கள். "கண்ணாடியில பாக்குற அதே ஆளு" என்றீர்கள்.

மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோனபோது எதிர்வீட்டு அத்தை, "அந்த வெளிச்சந்தான் ஆயுசக் குடிச்சிருச்சு" என்றாள். அம்மா காமிராவைப் பூட்டி வைத்தாள். வெளிச்சம் ஆயுசைக் குடிக்கும் என்றால், நீங்கள் எடுத்த அத்தனை பேரும், முதலாவதாக அந்த அத்தையும், ஏன் இன்னும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்? இதை அன்று வாய்திறந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மனதுக்குள் கேட்டேன்.

அண்ணனுக்கு மறுபடி பெண் பார்த்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை மதினி, அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை. பாலசமுத்திரத்துப் பெண். இரண்டாவதாக வருகிறவள் இந்த வீட்டில் விளக்கேற்றும் முன் மூத்தவளின் படத்துக்கு முன்னால் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, உத்தரவு வாங்கி, அந்தச் சேலையைத்தான் கட்டவேண்டும். அதற்குப் படம் வேண்டும். அடுப்படியில் நான் எடுத்ததன் நெகட்டிவை அண்ணன் திண்டுக்கல் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கி வந்தான்.

சட்டத்துக்குள் இருந்தது யார் என்று எனக்குப் புரியவில்லை. ரோஜா நிறத்தில் முகம். சிவப்பு உதடு. ஈரமுடியை வாரிப் பின்னி, பூவும் வைத்து, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி தீட்டியிருந்தார்கள். சிரிப்பைக்கூடச் சின்னதாக்கிவிட்டார்கள்.

"மகாலச்சுமி கணக்கா இருக்கா" என்றாள் அம்மா.

"இது மதினி இல்ல."

சொன்னது நான்தான். அம்மா அண்ணனைப் பார்த்தாள், குரல் அவனிடமிருந்து வந்ததோ என்பதுபோல. பிறகு என்னிடம் சொன்னாள்: "உசுரோட இருக்கையில அவளக் கருப்பின்னு எத்தன பேரு சொன்னாளுக, தெரியுமா? நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சாமியாப் போனவளையாச்சும் ஒருத்தியும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

அவள் கண் கலங்கியிருந்தது. அம்மாவும் உங்களை நேசித்தாள், அதை மறைக்கமாட்டேன். ஆனாலும் விடவில்லை. "சாமியாகணும்னா வெளுக்கணுமா? மதினிக்கு அது ஒரு கொறையாத் தெரியலையேம்மா" என்றேன்.

"வாய் நீண்டுபோச்சு ஒனக்கு" என்றாள்.

நீளட்டும். மறுநாள் நெகட்டிவை எடுத்துக்கொண்டு தனியாகத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். அதுவரை துணையில்லாமல் தெருமுனை தாண்டியதில்லை. ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர்தான். "கருப்பா விழுந்தா ஜனங்க சண்டைக்கு வாராகம்மா. அதான் தீட்டிக் குடுக்குறது" என்றார்.

"நான் சண்டைக்கு வரமாட்டேன். தூரிகையில தொட்டீகன்னா வருவேன்."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தார். "பிளாஷ்ல எடுத்ததா? நெழலு இம்புட்டுத் தெளிவா இருக்கே" என்று மட்டும் கேட்டார். தொடாமல் போட்டுக் கொடுத்தார்.

இன்று முற்பகலில் புதுப்பெண்ணும் அவள் வீட்டாரும் வந்தார்கள். கூடத்தில் அம்மா ரோஜா நிறப் படத்தை வைத்து மாலை போட்டு, சேலையை விரித்திருந்தாள். வாசலில் ஆரத்தி நடந்துகொண்டிருந்தபோது நான் உள்ளே போய், நம் படத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். மாலை இல்லை, சட்டம் இல்லை, பின்னால் ஒரு செம்பை முட்டுக்கொடுத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டாள். ஆனால் அதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. பெண்வீட்டார் முன்னால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

விழுந்து கும்பிட மண்டியிட்ட புதுப்பெண் பாதியிலேயே நின்றாள். இந்தப் படத்தையும் அந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏனுங்கத்தை, இதுல அக்கா ஆருங்க?"

அம்மா சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு அத்தை முதலில் என் பக்கம் திரும்ப, மற்றவர்களும் திரும்பினார்கள். ஒதுங்க யார் முதுகும் இல்லை.

"இதுதான்" என்று தொட்டுக் காட்டினேன். "அவுக நெறம் இதுதான். சிரிப்பும் இதுதான்."

"ஆரு எடுத்ததுங்க?"

"நான்."

அவள் கொஞ்சநேரம் உங்கள் முகத்தையே பார்த்தாள். பிறகு முழங்காலை நகர்த்தி, உங்களுக்கு நேராக வந்து விழுந்து கும்பிட்டாள். அவளும் நம்மைப்போலக் கருப்பு மதினி. பவுடருக்கு மேல் வியர்த்துக் கோடு கோடாக வழிந்திருந்தது.

இப்போது பந்தி நடக்கிறது. கூடத்தில் நான் மட்டும் இருக்கிறேன். அண்ணன் வந்து ஓர் ஆணி அடித்துவிட்டுப் போனான். நம் படத்தின் மேல் ஓரத்தில் நூல் கோத்து நானே மாட்டினேன். செத்த நேரத்துக்கு முன் அம்மா வாசற்படியில் நின்று, "விருந்தாளுக போகட்டும், அப்புறம் பேசிக்கிறேன் ஒன்ன" என்றாள். பேசட்டும். இந்தச் சுவருக்கு அடியில் உட்கார்ந்துதான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இப்போது பேச வருகிறது. அதைக் கதவுக்குப் பின்னால் மறுபடி கொண்டுபோய் வைக்கமாட்டேன். அம்மா வந்தால் எழுந்து நிற்பேன். படம் இறங்காது.