தூளிப் பக்கம் வந்தவள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். குட்டிக்கு ஆறு வாரம். டாக்டரிடம் காட்டினோம். எடை நன்றாக ஏறியிருக்கிறதாம். "தாய்ப்பால்தானே? நல்லா குடுக்கறீங்கம்மா" என்றார். தலையாட்டினேன். எனக்குப் பால் வற்றி ஒரு வாரம். புட்டிப்பாலையும் துப்பிவிடுகிறான். என் வீட்டுக்காரர் ஆல்பர்ட்டுக்கு இது தெரியாது. வரும் வழியில் பாண்டி பஜார். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை வாங்கினார். முகம் முழுக்கப் பெருமை.

ஜூலை 9

துணி ஊறவைக்கணும். டயப்பர் தீர்ந்துவிட்டது.

பதினொரு மணிக்கு, வீட்டு வேலை செய்யும் செல்வி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, நீ இங்க கீற? அப்போ ரூம்ல யாரு?"

"யாருமில்லையே."

"கொயந்தைக்குப் பால் குடுத்துகினு கீறாங்களே. முதுகு காட்டி குந்தியிருந்தாங்க. உன் நைட்டிதான். நீன்னு நென்ச்சேன்."

ஓடினேன். தூளியில் தூங்குகிறான். கடைவாயில் பால். தொட்டு நாக்கில் வைத்தேன். வெதுவெதுப்பு.

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுச் செல்வி போய்விட்டாள்.

ஜூலை 10

எழுதிவிடுகிறேன். பத்து நாளைக்கு முன். நான்கு மணி நேரமாக அழுகை. தூளியை வெறிபிடித்தவள் போல ஆட்டி, "யாராவது எடுத்துக்கோங்க, என்னால முடியல" என்று வாய்விட்டே சொன்னேன். அழுகை நின்றது. உறிஞ்சும் சத்தம். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஹாலில் படுத்தேன். நல்ல தூக்கம். மறுநாளிலிருந்து எனக்குப் பால் இல்லை. தினமும் மதியம் கதவைச் சாத்தினேன். தெரிந்தேதான்.

ஜூலை 11

ஆல்பர்ட்டிடம் எல்லாம் சொன்னேன். "உனக்குத் தூக்கம் பத்தல. நான் லீவு போடட்டா?" வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அவர் ஆபீஸ் போனதும் அறைக்குள் போனேன். தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஆள் தெரியவில்லை. "தப்பா சொல்லிட்டேன். என் புள்ள. குடுத்துடு." தூளி நின்றது. அள்ளி எடுத்தேன். முதுகை வளைத்துக் கத்தினான். அறை மூலையில் ஒரு பெண் விசும்பும் சத்தம்.

ஜூலை 12

நேற்றிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. மார்பு, புட்டி, பாலாடை, டாக்டரிடம் போனில் கேட்டு வாங்கிய வேறு பால்பவுடர். எல்லாம் பார்த்தாயிற்று. அவன் நாக்கு வறண்டுவிட்டது. அழுதால் சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஆல்பர்ட் கீழே போயிருக்கிறார்.

அவர் வருவதற்குள் அறைக்குப் போய்க் குட்டியைத் தூளியில் போட்டேன். "நீயே குடு" என்றேன். கதவைச் சாத்தி, வெளியே தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குடிக்கிறான். கேட்கிறது.

ஆல்பர்ட் கீழிருந்து கூப்பிடுகிறார். நான் எழுந்திருக்கவில்லை.