எண்ணூற்று அறுபத்தெட்டுக்கு ஒரு காணிக்கை

ராஜபாளையம்
25.4.94

அன்பு மகன் பொன்னுராஜுக்கு அப்பா தேவநேசன் எழுதுவது. ஆண்டவருடைய தயவால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். ஜெர்மனியில் குளிர் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. உன் மார்ச் மாதக் கடிதம் ஈஸ்டருக்கு மறுநாள் வந்துவிட்டது. பதில் எழுத மூன்று வாரம் ஆக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு ஏரோகிராம் வாங்கி எழுதி இரண்டையும் கிழித்துப் போட்டேன். உன் அம்மா, இம்புட்டு யோசிச்சு எழுதுறதுக்கு அதுல அப்படி என்னதான் இருக்கு, ஏரோகிராம் என்ன மரத்துலயா காய்க்கி என்று கேட்டுவிட்டாள். இருக்கிறது ஐயா. பதறாமல் உட்கார்ந்து படி, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

முதலில் வீட்டு விசேஷம். உன் தங்கை அருள்செல்விக்கு ஆறு மாதம் நடக்கிறது, ஜூலை கடைசியில் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறார். அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளை இங்கே அழைத்து வந்துவிடுவோம். வெயில் தாங்கவில்லை, செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு நாள் மேகம் கட்டியதோடு சரி. சப்பட்டை மாம்பழம் வரத் தொடங்கிவிட்டது, உன் அம்மா ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டு உன் பேரைச் சொல்லி அழுதுவிட்டுப் பிறகு முழுவதையும் அவளே சாப்பிட்டாள். மில்லில் எனக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது. இருமல் இருக்கத்தான் செய்கிறது, பஞ்சுக்குள் முப்பது வருஷம் நின்றவனுக்கு இருமல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் இந்த மாதம் கம்ப்யூட்டரில் என் நம்பர் 868 என்று ஒரே வரி எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மில்லில் ரிங் பிரேம் செக்ஷன் முழுக்கச் சொன்னேன், கேன்டீனில் எட்டுப் பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட கவரும் எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு முந்தின நாள் அருள்செல்வியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, பஸ் ஸ்டாண்டில் உனக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்த தனுஷ்கோடி சாரைப் பார்த்தேன். ரிட்டயர்டு ஆகி அங்கேதான் இருக்கிறார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, சார், உங்க பையன் எண்ணூத்தி அறுபத்தெட்டுக்கு ஏறிட்டான் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. டீக்கடை பெஞ்சில் என்னை உட்கார வைத்தார். பொறவு, ஏய்யா, அது ஏறுனது இல்லய்யா, எறங்குனது, ஒண்ணாம் நம்பர்காரன்தான் உலகத்துலயே உசந்தவன், ஒம்ம மகனுக்கு முன்னால அஞ்சூத்தி எண்பத்திரண்டு பேரு நின்னாவ, இப்ப எண்ணூத்தி அறுபத்தேழு பேரு நிக்காவ என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, பொன்னுராஜ். அவரிடம் சண்டைக்கே போனேன். மில்லில் நாற்பதாம் நம்பர் நூலை எவன் வேண்டுமானாலும் ஓட்டுவான், எண்பதாம் நம்பர் ஓட்ட நல்ல பஞ்சும் நல்ல கையும் வேண்டும், நூறாம் நம்பர் ஓட்டினால் முதலாளியே இறங்கி வந்து பார்ப்பார், நம்பர் கூடக் கூட நூல் மெலிசு, விலை கூடுதல், எனக்கா சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஒண்ணாம் ரேங்க்தான் உசத்தி என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நீ முதல் தடவை எழுதியபோது, அப்பா எனக்கும் நம்பர் வந்துவிட்டது, 583 என்றுதான் எழுதினாய். ஒன்றுமே இல்லாமல் இருந்த பையன் ஐந்நூறுக்கு மேல் வந்துவிட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்தது 640, அதற்கு அடுத்தது 712. முப்பது வருஷம் நூலைத் தொட்ட கை, வேறு எப்படி நினைக்கும். மூன்று தடவையும் நம் போதகர், தேவநேசன் குடும்பத்தார் தங்கள் மகன் உலக அளவில் உயர்த்தப்பட்டதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை என்று சபைக்கு முன்னால் வாசித்தார். நான் முன் பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். அதை ஒன்று விடாமல் உனக்கும் எழுதினேன். நீ விழ விழ நான் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிய அந்தக் கடிதங்களை அத்தனை தூரத்தில் தனியாக இருந்துகொண்டு நீ எப்படி வாசித்தாயோ, அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

சார் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் நீ அவருக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். அவர் மேல் வருத்தப்படாதே, நான்தான் விடாப்பிடியாக நின்றேன். நீ ஆடுகிற சின்னப் போட்டிகளை நான்கு வாரமும் ஆடி முடித்தால்தான் கம்ப்யூட்டரில் புள்ளி சேருமாம், நடுவில் கிளம்பினால் அதுவரை ஜெயித்ததும் போய்விடுமாம், பழைய புள்ளியும் ஒரு வருஷத்தில் கழிந்துவிடுமாம். போன வருஷம் ஏப்ரலில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது மூன்றாவது வாரத்தில் கிளம்பிப் போனதாக எழுதியிருக்கிறாய். ஏன் கிளம்பினாய் என்று எனக்குத் தெரியும். தங்கை கல்யாணம் மே மாதம், நம்பர் வந்த மகன் இருக்கும்போது நான் ஏன் வெளியே கைநீட்ட வேண்டும் என்று மார்ச்சில் உனக்கு எழுதியது நான்தானே. பரிசுப் பணம் என்று சொல்லி நீ அனுப்பினாய். பெரிய ஆட்டக்காரர்கள் வாங்குகிற பரிசைப் பேப்பரில் பார்த்துவிட்டு, நம் பையனுக்கு அதில் ஒரு துளியாவது வராதா என்று நானும் வாங்கிக்கொண்டேன். உங்கள் போட்டியில் முதல் ரவுண்டில் தோற்றால் கிடைப்பது ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே காணாது என்று சார் சொல்லித்தான் தெரியும். அப்படியானால் அது எந்தப் பணம் என்று கேட்டேன். போட்டியை விட்டுவிட்டு நீ ஒரு கிளப்பில் சேர்ந்து, காலையில் செம்மண் தரையை வாரித் தண்ணீர் தெளித்து, மத்தியானம் பிள்ளைகளுக்குப் பந்து போட்டு, மிச்ச நேரம் மற்றவர்கள் மட்டைக்கு நரம்பு கட்டித் தருவதாகச் சொல்லி, அந்தக் கிளப்காரரிடம் முன்கூட்டியே வாங்கி அனுப்பிய சம்பளமாம். அதைக் கழிக்கத்தான் வருஷம் முழுக்க ஆடப் போகாமல் வேலை பார்த்திருக்கிறாய். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அப்பா ஒவ்வொரு தடவையும் காணிக்கை போட்டு வாசிக்கச் சொல்கிறார், அவராவது சந்தோஷமாக இருக்கட்டும் சார், சொல்லிவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

எனக்குக் கோபமும் வந்தது, மறைக்கவில்லை. ஊர் முன்னால் அப்பனை இப்படி நிற்க விட்டானே என்று இரண்டு நாள் பொருமினேன். முதலில் கிழித்த ஏரோகிராமில் இருந்தது அந்தக் கோபம்தான். உன் அம்மாவிடம் சொன்னபோது அவள், ஒம்ம பெருமைக்குத் தீனி போடத்தான் அவன் ராத்திரியும் பகலும் பாடுபட்டிருக்கான், இதுல ஒமக்குக் கோவம் வேற வருதாக்கும் என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எடுத்து வைத்திருந்த அதே கவரைக் கொண்டுபோனேன். மேலே எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். போதகர் படித்துப் பார்த்துவிட்டு, உயர்ந்ததற்காக என்பதை இறங்கினதற்காக என்று தவறி எழுதிவிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை ஐயா, முன்னால் கடைசி இரண்டு தடவை எழுதியதுதான் தவறு, இதை அப்படியே வாசியுங்கள் என்று சொன்னேன். வாசித்தார். தேவநேசன் குடும்பத்தார், தங்கள் மகன் பொன்னுராஜ் தன் தங்கையின் கல்யாணத்துக்காக உலக வரிசையில் ஐந்நூற்று எண்பத்து மூன்றிலிருந்து எண்ணூற்று அறுபத்தெட்டுக்கு இறங்கினதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நாள் வந்திருந்த அருள்செல்வி பெண்கள் பக்கம் இருந்தாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்குப் போட்ட கழுத்துச் சங்கிலியைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு ஆராதனை முடிகிற வரைக்கும் தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும் என் ஷிப்ட் வேதசிரோமணி என் கையைப் பிடித்து, ஏலே தேவநேசா, எம் மவன் மெட்ராசுலதான் இருக்கான், எனக்கு ஒரு போஸ்ட்கார்டு கிடையாது, ஒனக்கு என்னலே கொறச்சல் என்றான். நான் அங்கேயே அழுதுவிட்டேன். முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையிலும் இல்லாத ஒரு நிறைவு நேற்று இருந்தது.

ஜூலையில் நான்கு வாரப் போட்டி ஒன்று இருக்கிறது, போகலாமா என்று யோசிப்பதாகச் சாருக்கு எழுதியிருந்தாயே, போ. கிளப் வேலையே போதும் என்று உனக்கே மனசில் பட்டால் அதுவும் சரிதான், ஆனால் வீட்டுக்காக என்று சொல்லி நிற்காதே. இனிமேல் இங்கே ஒரு பைசா அனுப்பக் கூடாது. பிரசவச் செலவை நான் பார்த்துக்கொள்வேன், அதற்குத்தான் இன்னும் மில்லுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பிள்ளை பிறந்தால் நான்காவது வாரம் முடிந்த பிறகுதான் உனக்குத் தந்தி வரும், அருள்செல்வியே அப்படித்தான் சொல்லிவிட்டாள். எனக்கே ஏதாவது ஒன்று என்றாலும் அந்த நான்கு வாரத்துக்குள் சொல்லிவிடக் கூடாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். வாயைக் கழுவும் என்று கையிலிருந்த அகப்பையை ஓங்கிவிட்டாள். ஆனாலும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறாள். தோற்றால் தோற்றுவிட்டுப் போ. நடுவில் மட்டும் கிளம்பாதே.

காலையில் வெறும் வயிற்றோடு தண்ணீர் தெளிக்கப் போகாதே. காலில் வலி இருந்தால் மறைக்காமல் எழுது, மறைத்தது போதும். உன் கைக்கும் காலுக்கும் பெலன் கொடுத்து, போகிற இடமெல்லாம் கர்த்தர் உனக்குத் துணையாக நிற்கும்படி அம்மாவும் நானும் தினமும் ஜெபிக்கிறோம். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. இனி நம்பர் எழுதும்போது பக்கத்திலேயே ஏறியதா இறங்கியதா என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுது. இறங்கியது என்று எழுதக் கூச்சப்படாதே. அதற்கும் ஒரு கவர் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்றும் உன்னை ஆசீர்வதிக்கும் அப்பா,
தே. தேவநேசன்